தளர்ந்த ஒரு கம்பி

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் மோட்டார் வண்டி நம் வீட்டிலும் ஒன்றுண்டு. சென்ற மாரியில், மகளைப் பரீட்சைக்கு மாத்தளை நகருக்கு அழைத்துச் செல்கையில், அது அலுவிகாரையில் நின்றுவிட்டது. பஸ் ஏறி அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது இறைவன் அருளே. முதல்நாள் வண்டியைக் கழுவிய மகனையே நாம் கடிந்துகொண்டோம்.

இஃது அடிக்கடி நேரும் தொல்லை. பற்றரியை இருமுறை மாற்றியிருந்தோம்; கொயிலும் புதிது. பணம் கரைந்ததேயன்றி நோய் தீரவில்லை.

அயல்வீட்டு முதியவர் ஒருவர் வந்து, பற்றரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பியை அசைத்துப் பார்த்தார். அது தளர்ந்து துருவேறியிருந்தது. துருவைச் சுரண்டி இறுக்கினார், எஞ்சின் முழங்கிற்று!

மாணவர் அறிக: பற்றரியின் 12 வோல்ற்றைக் கொயில் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்த, பிளக்கில் பொறி எழுகிறது. மின்னோட்டம் பற்றரிக்கு மீள, வண்டியின் இரும்புடலும் எர்த் கம்பியுமே வழி. அவ்வழி தடைப்படின் புதுப் பற்றரியாலும் பயனில்லை. ஆதலின், பெரும்பொருளை மாற்றுமுன் சிறு முடிச்சுகளைச் சோதித்தல் நன்று.

அன்று மாலையே மகனிடம் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். “அப்பா, அடுத்த முறை முதலில் கம்பியைப் பாருங்கள்” என்றான் அவன்.