பால்மரமும் உயிரணுப் பாடமும்

"ஐயா, நாங்கள் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். எங்களுக்கு அறிவியல் என்ன தெரியும்? பிள்ளைக்கு நீங்கள்தாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்." தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட வரும் பெற்றோர் இவ்வாறு கூற நான் பன்முறை கேட்டிருக்கிறேன். இக்கூற்று அடக்கத்தால் வருவது. ஆயினும் உண்மையன்று என்பதே என் துணிபு.

உயிர்கள் அனைத்தும் உயிரணுக்களால் ஆனவை. 1665-ஆம் ஆண்டில் இராபர்ட் ஊக் என்னும் ஆங்கிலேய அறிஞர், தக்கைப் பட்டையைக் கூரிய கத்தியால் மெல்லியதாகச் சீவி, நுண்பெருக்காடியின் வழி நோக்கினார். தேன்கூடு போன்ற சிற்றறைகளைக் கண்டு 'செல்' எனப் பெயரிட்டார். மரப்பட்டையைச் சீவிய கத்தியிலிருந்தே இப்பாடம் தொடங்கிற்று!

விலங்கு, தாவரம் ஆகிய இரண்டின் உயிரணுக்களிலும் உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும் காக்கும் மென்படலம், வேலைகள் நடைபெறும் உயிர்க்குழம்பு, அனைத்தையும் நெறிப்படுத்தும் உட்கரு, உணவிலிருந்து ஆற்றல் தரும் இழைமணி ஆகியவை உள்ளன. தாவர உயிரணுவுக்கோ இவற்றோடு உறுதியான செல்சுவரும், நீரைத் தேக்கும் பெரிய சாற்றுக்குமிழும் உண்டு. இலை முதலிய பசுமையான பகுதிகளில் உணவு சமைக்கும் பசுங்கணிகமும் உண்டு.

இப்பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவன் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறான். பால்மரத்தின் அருகே நின்று கற்றவன் மறவான்.

நம் பேராக்கில் கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டிலேயே இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அம்மரத்தின் பட்டையினுள் உயிரணுக்கள் வரிசையாக நின்று, இடைச்சுவர்கள் கரைந்து, நுண்குழாய்களாகின்றன. மங்கில் வடியும் பால் அவற்றின் உயிர்க்குழம்பே. உட்கருக்கள் பெரும்பாலும் குழாயின் ஓரத்திலேயே தங்கிவிடுவதால் பால் மீண்டும் ஊறுகிறது. அதற்குக் காலம் வேண்டும் என்பதாலன்றோ ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினீர்கள்!

விடியுமுன் நிரைக்குச் சென்றது ஏன்? இரவில் இலைகள் நீரை மிகுதியாக இழப்பதில்லை. உயிரணுக்களில் நீர் நிறைந்து சுவரை அழுத்துகிறது. கத்தி பட்டவுடன் பால் பெருகுகிறது. வெயில் ஏறினால் அவ்வழுத்தம் தணிகிறது. இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் தாழ்த்திக் கோடு வெட்டியது ஏன்? பால் குழாய்கள் மேலே செல்லச் செல்ல வலப்பக்கம் சற்றே சாய்கின்றன. அவ்வாறு வெட்டினால் மிகுதியான குழாய்கள் திறக்கும். கட்டையில் கத்தி படலாகாது என்றது ஏன்? பட்டைக்கும் கட்டைக்கும் இடையேதான் புதிய உயிரணுக்களைப் பிறப்பிக்கும் மெல்லிய படலம் இருக்கிறது. அது காயப்பட்டால் புதுப்பட்டை செம்மையாக வளராது. மரத்தில் முண்டு விழும்.

இவற்றையெல்லாம் கையால் அறிந்தவர்கள் நீங்கள். காரணத்தின் பெயரை மட்டுமே பள்ளி தருகிறது.

உயிரணுப் பாடம் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் வேற்றுமொழியில் வரத்தானே போகிறது, இப்பொழுதே எதற்கு எனச் சிலர் வினவலாம். அதனாலேயே இப்பொழுது வேண்டும் என்பேன். பொருளைத் தாய்மொழியில் தெளிந்த பிள்ளைக்கு அங்கே புதியது பெயர் ஒன்றே. தெளியாத பிள்ளைக்குப் பொருளும் புதிது, பெயரும் புதிது. அப்பிள்ளை வகுப்பின் பின்வரிசையில் வாய்மூடி அமர்ந்துவிடும்.

பேராக்கின் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டுவிட்டன. மரங்களோடு உங்கள் அறிவும் மறைந்துபோகலாமா? ஆசிரியர்கள் உயிரணுப் பாடத்தை மங்கிலிருந்தும் கத்தியிலிருந்தும் தொடங்குவார்களாக. பெற்றோர்களே, தாத்தா பாட்டிமார்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, மரம் வெட்டிய முறையை ஒருமுறை சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, "ஏன்?" என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் அறிந்த விடையோடு பள்ளிக்கு வாருங்கள். எஞ்சியதை நாம் சேர்ந்து கற்போம்.