மாலையில் வீடு திரும்பும் குழந்தை: மருத்துவமனையின் பொறுப்பு எங்கே முடிகிறது?

காலையில் அறுவை சிகிச்சை, மாலையில் வீடு. குழந்தைகளுக்கு டான்சில் அகற்றுதல், குடலிறக்கத்தைச் சரிசெய்தல் போன்ற சிகிச்சைகள் இன்று பல மருத்துவமனைகளில் இவ்வாறே நடைபெறுகின்றன. மருத்துவ நோக்கில் இதில் பிழையில்லை. குழந்தை தாயின் அருகிலேயே தேறும். மருத்துவமனைத் தொற்றுக்கான வாய்ப்பும் குறையும். ஆனால், வேலைக்கு விடுப்பு எடுக்கக்கூடிய பெற்றோர், தூய நீர், வாசல்வரை வாகனம் வரும் சாலை ஆகியவை அக்குழந்தைக்கு உண்டு என்ற அனுமானத்தின் மீதே இம்முறை நிற்கிறது.

டான்சில் அகற்றிய குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்திற்குள் இரத்தக்கசிவு ஏற்படலாம். காயத்தின் மேற்படலம் உதிரும் வேளையில், பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களுக்குள், அது மீண்டும் நேரலாம். குழந்தை இரத்தத்தை விழுங்கிவிடுவதால் வெளியே தெரியாமலும் போகும். உறக்கத்திலும் அடிக்கடி விழுங்குவதும் இரத்த வாந்தியும் ஆபத்தின் அறிகுறிகள். வலியினால் நீர் அருந்த மறுத்தால் உடல் வறண்டுவிடும். அந்த ஆறாம் நாளில் தாய் கூலி வேலையில் இருப்பாள். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் அவசர ஊர்தி நுழையப் பாதை இராது. கையிலுள்ள அறிவுரைச் சீட்டோ ஆங்கிலத்தில் இருக்கும்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. சிகிச்சையின் ஆபத்துகளை விளக்காமல் பெறும் ஒப்புதல் முறையான ஒப்புதலாகாது என்பது சமீரா கோலி வழக்கின் (2008) சாரம். அவசரச் சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது உறுப்பு 21-ஐ மீறுவதாகும் என்று பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் உரைத்தது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாக அளிக்கப்படும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்திற்குள் வராது என்ற வி.பி. சாந்தா தீர்ப்பே (1995), கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தினால் அது இலவசச் சேவை ஆகாது என்றும் கூறுகிறது. எனவே, அரசுக் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை பெற்றவர்களும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என வாதிட வலுவான இடமுண்டு.

நாம் கோர வேண்டியவை எளியவை: தமிழில் அறிவுரைச் சீட்டு, இரவிலும் மருத்துவர் பேசும் தொலைபேசி எண், தொலைவிலிருந்து வரும் குழந்தைக்கு ஓர் இரவேனும் படுக்கை, கிராமச் செவிலியர் வீடு சென்று பார்க்கும் ஏற்பாடு. வீட்டின் நிலையைக் கேட்டறியாமல் குழந்தையை அனுப்புவது, பொறுப்பையும் வாசலுக்கு வெளியே அனுப்புவதாகும்.