எழுதாத கூட்டும் படியாத கையொப்பமும்

எமது மக்களிடையே ஒரு விந்தையான பெருமை குடிகொண்டிருக்கின்றது. "இனசனத்துக்குள் எழுத்து எதற்கு? சொன்ன சொல் போதாதா?" என்பதே அப்பெருமை. போதாது என்கிறோம் நாம். இரு தலைவர்கள் ஒப்பமிட்ட பண்டா–செல்வா ஒப்பந்தமே 1957இல் எழுதப்பட்டு 1958இல் கைவிடப்பட்டதைக் கண்ட இனம், வெறும் வாய்ச்சொல்லை நம்பித் தன் முதலைப் போடுவதா?

மூவர் கூடி ஓர் அரிசி ஆலை தொடங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பணம் தருகிறார். ஒருவர் இயந்திரம் தருகிறார். மூன்றாமவர் தம் உழைப்பைத் தருகிறார். எழுத்து ஒன்றுமில்லை. ஆலை வளர்கின்றது, மனத்தாங்கலும் வளர்கின்றது. நீதிமன்றின் வாயிலில் நிற்கும்போதுதான் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அவர்கள் கண்ணிற் படுகின்றது. ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலுடைய பங்குடைமை எழுத்திலே ஒப்பமிடப்படாவிடின் சட்டத்தில் வலுவற்றது என்கிறது அதன் 18ஆம் பிரிவு. இன்று ஆயிரம் ரூபாவுக்கு என்ன வரும்? பெட்டிக்கடைக் கூட்டும் இவ்விதிக்குள் அடங்கும்!

கொடுமை இன்னும் முடியவில்லை. பங்காளிகள் ஒருவர்மீது ஒருவர் உரிமை கோர முடியாதவாறு கதவை அடைக்கும் அதே பிரிவு, கடன் கொடுத்த வெளியார் அவர்கள்மீது வழக்காடக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றது. இலாபத்தைக் கேட்கக் கூட்டு இல்லை; கடனை இறுக்கக் கூட்டு உண்டு! இதுவா நீங்கள் போற்றும் நம்பிக்கை?

எழுதிய பங்குடைமையிலும் ஆபத்து உண்டு. கூட்டின் கடனுக்குப் பங்காளி ஒவ்வொருவரும் தம் வீடு வளவு உட்பட முழுப் பொறுப்பாளியே. இதற்குப் பரிகாரமாகவே கம்பனி என்னும் அமைப்பு ஏற்பட்டது. கம்பனி வேறு, அதன் உடைமையாளர் வேறு என்பதைச் சலமன் என்னும் சப்பாத்து வணிகரின் வழக்கில் 1897இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை நிலைநாட்டியது. எமது நாட்டின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் அந்நெறியிலேயே நிற்கின்றது. தனியொருவரே பங்குதாரராக இருந்தும் கம்பனி அமைக்கலாம். தனியார் கம்பனியில் ஐம்பது பங்குதாரர் வரை சேரலாம். ஆயின் உங்கள் அமைப்பு விதிகளை நீங்களே எழுதுங்கள். எழுதாவிடின் சட்டத்தின் முதலாம் அட்டவணையிலுள்ள மாதிரி விதிகளே உங்களை ஆளும்.

கம்பனியைப் பதிந்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று இறுமாப்போருக்கும் ஒரு சொல். வங்கி நீட்டும் கடன் தாள்களுக்கிடையே பணிப்பாளரின் சொந்தப் பிணைப்பத்திரமும் இருக்கும். அதைப் படியாமல் ஒப்பமிட்ட கணமே, கம்பனி உங்களுக்குத் தந்த கவசத்தை உங்கள் கையாலேயே கழற்றி எறிகிறீர்கள். பிறர் கடனுக்குப் பிணைநிற்பதும் எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லாது என்று கூறுவதும் முற்கூறிய 18ஆம் பிரிவே. கையொப்பமிட வேண்டிய இடத்தில் நாம் வெட்கப்படுகிறோம்; தயங்க வேண்டிய இடத்தில் தாராளமாக ஒப்பமிடுகிறோம்!

இன்னொன்றும் கேட்கிறோம். நாட்டில் சிறுபான்மையோருக்குக் காப்பு வேண்டுமென்று முழங்கும் எம்மவர், தம் கம்பனியிலே சிறு பங்கு வைத்திருக்கும் கைம்பெண்ணுக்குக் கணக்குக் காட்டுகின்றனரா? அடக்குமுறைக்கு ஆளான பங்குதாரர் நீதிமன்றை நாட 224ஆம் பிரிவு வழிவகுக்கின்றது. கடன் இறுக்கும் வல்லமை கம்பனிக்கு உண்டா என்று சோதியாமல் இலாபம் பங்கிடுவதையும் இச்சட்டம் தடுக்கின்றது. பணிப்பாளர் கம்பனியின் நலனுக்குக் கட்டுப்பட்டவர். அதன் பெட்டகத்துக்குத் தனியரசர் அல்லர்.

எழுத்து நம்பிக்கையின் பகையன்று, அதன் வேலி. வேலியில்லாத தோட்டத்தில் வெங்காயம் நடாத விவசாயி, எழுத்தில்லாத கூட்டிற் பணம் நடலாமா? படித்தோரே, உங்கள் ஊர் விவசாயிக்கு இச்சட்டத்தைத் தமிழில் எடுத்துரையுங்கள். விவசாயப் பெருமக்களே, எழுதிய பின் கொடுங்கள். படித்த பின் ஒப்பமிடுங்கள்!