"விசேஷம் ஏதும் உண்டா?" - நீர்க்கட்டி என்றதும் நம்பிக்கையை விட வேண்டாம்!

வெள்ளிக்கிழமை மாலை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகும் புதுப்பெண்களுக்குத் தெரியும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வியைத் தாண்டாமல் சந்நிதிக்குப் போக முடியாது. கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கேட்கிற குரலும் மாறிவிடும். அன்று காலைதான் 'பிசிஓஎஸ்' என்ற ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கியிருந்தால், கேட்கவே வேண்டாம்.

'நீர்க்கட்டி' என்ற பெயரே பாதி பயத்தைக் கிளப்பிவிடுகிறது. உண்மையில் அவை கட்டிகளே அல்ல. மாதாமாதம் வளர்ந்து கருமுட்டையை வெளியே விட வேண்டிய சின்னச் சின்னப் பைகள், பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. இன்சுலினும் ஆண்தன்மை ஹார்மோன்களும் கூடுதலாக இருப்பது இதற்கு முக்கியக் காரணம். முட்டை இல்லாமல் இல்லை; நேரத்துக்கு வெளியே வருவதில்லை, அவ்வளவுதான். பீரியட்ஸ் 45 நாள், 60 நாள் என்று தள்ளிப்போவதும் அதனால்தான்.

முட்டையை வெளிவர வைக்க டாக்டர்கள் இப்போது முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் லெட்ரோசோல் மாத்திரை. வீட்டுக்கு வந்து மொபைலில் தேடினால் 'மார்பகப் புற்றுநோய் மருந்து' என்று வரும். பயந்துபோய் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். அந்தப் பயத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. 2011-ல் இந்திய அரசே குழந்தையின்மை சிகிச்சைக்கு இதைத் தடை செய்தது. 2014-ல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. அதில் பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 100-க்கு சுமார் 19 பேருக்குக் குழந்தை பிறந்தது. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27 பேருக்கு மேல். 2017-ல் இந்தியாவில் தடை விலகியது. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் இதைத்தான் முதலில் சொல்கிறது. மாதவிடாய் தொடங்கிய சில நாள்களில், ஐந்து நாள் மட்டும் எடுப்பது வழக்கம். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்குவது மட்டும் கூடவே கூடாது.

எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு 5 சதவிகிதம் குறைந்தாலே பீரியட்ஸ் சீராக வாய்ப்புண்டு. 80 கிலோ இருப்பவருக்கு நாலே கிலோ. "வாக்கிங் போங்க" என்று சொல்வது சுலபம். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் சாலையோரம் எங்கே நடப்பது? மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடந்தாலும் கணக்குதான். ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால், "சாப்பாட்டைக் குறை" என்ற பேச்சு எல்லோருக்கும் பொருந்தாது.

டெஸ்ட் ட்யூப் பேபி என்பது இந்த வரிசையில் கடைசி. நகையை அடகு வைத்துவிட்டு முதலில் அங்கே ஓட வேண்டியதில்லை. ராயபுரத்தில் 1880-ல் தொடங்கிய ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டால் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் உண்டு. பொதுவாக ஒரு வருஷம் முயற்சி செய்துவிட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். பீரியட்ஸ் தாறுமாறாக இருப்பவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

போகும்போது கடைசி ஆறு மாத பீரியட்ஸ் தேதிகள், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு கணவரையும் அழைத்துப் போங்கள். மனைவிக்கு நீர்க்கட்டி என்று தெரிந்த பிறகு, பல வீடுகளில் அவருக்கு விந்தணு பரிசோதனையே நடப்பதில்லை.