ஆசிரியரை உருவாக்கியவர் பெயர்

1826 மார்ச் 10ஆம் தேதி சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ கல்வி பற்றி ஒரு குறிப்பு எழுதினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்டிருந்த கணக்கை மாவட்டக் கலெக்டர்கள் அதற்குள் அனுப்பி முடித்திருந்தார்கள். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அந்த எண்களை வைத்து இன்றும் வாதம் நடக்கிறது. ஆங்கிலேயர் காலூன்றுமுன் இங்கே கல்வி எவ்வளவு பரவியிருந்தது என்று நிறுவ ஒரு தரப்பு அவற்றை எடுத்துக்கொள்கிறது; யாருக்கு அது கிடைக்கவில்லை என்று காட்ட இன்னொரு தரப்பு எடுத்துக்கொள்கிறது. அதே குறிப்பில் மன்றோ சொன்ன வேறொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாத்தியாருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை, அந்த வரும்படிக்குத் தகுதியான ஆள் இந்த வேலைக்கு வரமாட்டான் என்று அவர் எழுதினார். ஆகவே அரசே சம்பளம் கொடுக்கட்டும்: கலெக்டர் தலைமையூர்ப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய், தாசில்தார் தலைமையூர்ப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். அவர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு பள்ளி. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 48,000 ரூபாய் செலவாகும் என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இந்தக் குறிப்பைக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையிலிருந்து படிக்கும்போது அதற்குத் தனிக் கனம் உண்டு. மன்றோ கிராமத்தைக் கற்றுக்கொண்டது இந்த மண்ணில்தான். திப்பு சுல்தான் 1792இல் விட்டுக்கொடுத்த பாராமகால் சீமையில், அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தர்மபுரியில் தங்கி, 1799 வரை ஊர் ஊராக நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தவர் அவர். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், ஊத்தங்கரை எல்லாம் அந்தச் சீமைக்குள் அடங்கியவை. மேட்டு நிலக் குடியானவன் கையில் அறுவடைக்குப் பின் என்ன மிஞ்சும், அதில் பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்பது அவருக்குக் காகிதத்தில் படித்துத் தெரிந்ததாக இருக்காது. கல்வி தேயக் காரணம் மக்களின் ஏழ்மை என்றும் அந்தக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மறு ஆண்டு ஜூலையில் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். திட்டத்தை இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் போயிற்று. பத்தாண்டுகள் கழிவதற்குள் அரசே அந்தப் பள்ளிகளைக் கைவிட்டது.

பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமலே பள்ளியை நடத்திவிடலாம் என்ற எண்ணத்துக்கும் சென்னைதான் பிறப்பிடம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1789 முதல் எழும்பூரில் ராணுவ அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் விரலால் எழுதிப் பழகும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார். மூத்த மாணவனை வைத்து இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ இங்கிலாந்தில் வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணம் அது மலிவு என்பதே. ஆசிரியர் செலவைக் குறைத்துப் பள்ளியின் எண்ணிக்கையைக் கூட்டும் ஆசைக்கு அன்று கிடைத்த ஆதரவு அதன்பின் எந்த ஆட்சியிலும் முற்றாக ஓயவில்லை.

1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி ஆணை ஆசிரியர் பயிற்சியை வலியுறுத்தியது. 1856இல் சென்னையில் அரசு நார்மல் ஸ்கூல் திறந்தது. அதுவே பின்னால் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. எல்.டி. என்ற ஆசிரியர் பட்டம் வாங்கியவர் என்றால் சைதாப்பேட்டையில் இருந்தவர் என்றே ஒரு தலைமுறை நினைத்தது. அதன் முன்னாள் மாணவர் வரிசையில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இருக்கிறார். அரசியலில் பேர் வாங்குமுன் அவர் சேலத்தில் நகராட்சிக் கல்லூரி ஆசிரியர். ஊத்தங்கரை அப்போது சேலம் மாவட்டத்துத் தாலுகா. சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் அங்கே பயின்றவர். மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, 1910இல், பயிற்சிக்காக அங்கே அனுப்பப்பட்டார். உடன் பயின்றவர்களுக்கு அங்கே அவர் ஆற்றிய உளவியல் உரைகள் 1912இல் புத்தகமாயின. பிற்காலத்தில் அவர் பிறந்த நாளே ஆசிரியர் தினம் ஆயிற்று. அன்று பள்ளிகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவருக்குச் சைதாப்பேட்டையில் பாடம் நடத்தியவர் யார் என்று தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியாளர்களில் ஒருவரை மட்டுமாவது தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது: சகோதரி சுப்புலட்சுமி. பால்ய விதவையான அவர் 1911இல் பட்டம் பெற்றார். மெரினா கடற்கரையோர ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வரானார். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் என்று இருந்த குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த காரியத்தின் அளவு அந்தக் குறையோடு முடிந்துவிடுவதும் இல்லை. வீட்டின் பின்கட்டில் காலம் தள்ள விதிக்கப்பட்ட பெண் ஒரு வகுப்பறையின் முன்னால் நின்றாள். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கினாள். அவளை ‘டீச்சர்’ என்று ஊரே கூப்பிட்டது. பயிற்சிக் கல்லூரி ஒன்று ஒரு மனுஷியின் நிலையை அவ்வளவு தூரம் மாற்ற முடிந்தது. பல ஆண்டுகள் ஒரே பணியில் நின்று, மாணவிகளைப் பெயர் சொல்லி அறிந்த ஒரு முதல்வர் அங்கே இருந்தார். அந்த உறவைச் சுற்றறிக்கை அனுப்பி உண்டாக்க முடியாது.

அதே லேடி வெலிங்டன் வளாகத்தில்தான் 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வேலையைத் தொடங்கியது. அதற்குள் பி.எட். கல்லூரிகளின் பெருக்கம் உச்சத்தை நெருங்கியிருந்தது. பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த கல்லூரிகளில் அரசுக் கல்லூரிகள் ஏழு, அரசு உதவி பெறுபவை பதினான்கு. மீதி அறுநூற்றுக்கும் மேற்பட்டவை சுயநிதி. அந்த ஏழில் ஒன்றுகூடக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இல்லை. ஊத்தங்கரைப் பிள்ளை அரசுக் கல்லூரியில் பி.எட். படிக்க வேண்டுமென்றால் ஒன்று வேலூர் போக வேண்டும், அல்லது சேலம் தாண்டிக் குமாரபாளையம் போக வேண்டும். இது ஒரு பெண் பிள்ளையின் வீட்டில் எப்படிப் பேசப்படும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. பக்கத்தில் இருக்கும் சுயநிதிக் கல்லூரியே கதி. நெடுஞ்சாலை ஓரத்தில் அத்தகைய கல்லூரிகள் வந்ததால்தான் கல்லாவியிலும் சிங்காரப்பேட்டையிலும் இருந்து பெண்கள் பட்டதாரி ஆசிரியராகும் தகுதி பெற்றார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அந்தக் கட்டடங்களை வெறும் வியாபாரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமில்லை.

கேள்வி அவற்றுக்குள் பாடம் நடத்துபவர்களைப் பற்றியது. 2014ஆம் ஆண்டு விதிகளின்படி நூறு பேர் படிக்கும் பி.எட். கல்லூரிக்கு முதல்வரையும் சேர்த்து 16 முழுநேர ஆசிரியர்கள் வேண்டும். சம்பளம் அரசும் பல்கலைக்கழகமும் நிர்ணயித்தபடி, வங்கிக் கணக்கு வழியாக. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது, சேர்க்கை குறைந்தது, குறைந்த கல்லூரியில் முதலில் கைவைக்கப்படுவது ஆசிரியர் சம்பளத்தில்தான். எம்.எட்., நெட், பிஎச்.டி. எல்லாம் முடித்தவர் அட்மிஷன் காலத்தில் ஊர் ஊராக நோட்டீஸ் கொடுக்கவும் போக வேண்டியிருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் முகம் காட்டும் ஆசிரியர்களைப் பற்றிக் கல்வியியல் வட்டாரத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆள் பல கல்லூரிகளின் பேராசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தபோது நாடே அதிர்ந்தது. ஆசிரியர் கல்வியில் அந்த அளவு வெளிச்சம் இன்னும் விழவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இலேயே இந்தத் துறையின் தரத்தைப் பற்றிக் கடுமையாக எழுதிவிட்டது.

அதே 2012இல் ஜூலை 12 அன்று தமிழகத்தின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. எழுதியவர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றைம்பது கேள்விக்கு ஒன்றரை மணி நேரமே கொடுக்கப்பட்டது என்பதால் அந்த எண்ணை அப்படியே தரத்தின் அளவாக எடுக்க முடியாது. அக்டோபர் மறுதேர்வில் நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். ஆனாலும் அன்று ஊரெங்கும் ஏசப்பட்டவர்கள் தேர்வு எழுதியவர்கள்தான். அவர்களுக்குப் பட்டம் கொடுத்த கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தைப் பெயர் பெயராக மக்கள் முன் வைத்து யாரும் பதில் கேட்கவில்லை.

ஊத்தங்கரைக்கு அந்த ஆண்டு வேறு வகையில் நினைவுள்ளது. பிளஸ் டூ தேர்வில் மாநில முதலிடம் இந்த ஊர்ப் பள்ளிக்கு வந்தது; 2014இல் மறுபடியும் வந்தது. பெற்றோர் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பிள்ளையைக் கொண்டுவந்து இங்கே விடுதியில் சேர்த்தார்கள். 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தும்வரை மாணவர் படங்கள் பேனரில் தொங்கின. மதிப்பெண் எடுக்கவைப்பதில் இந்த ஊர் கெட்டிக்கார ஊர் என்று பெயர் வாங்கியது. மதிப்பெண் வரவழைக்கும் திறமையையும் ஆசிரியரை உருவாக்கும் திறமையையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டது அந்த நாட்களின் பிழை. சாயங்கால ஸ்டடியிலும் ஞாயிற்றுக்கிழமை டெஸ்டிலும் பிழியப்பட்ட இளம் ஆசிரியர்களில் எத்தனை பேர் அந்தத் தொழிலில் நிலைத்தார்கள் என்று எந்தப் பேனரும் சொல்லவில்லை.

ஆசிரியருக்குக் குறைத்துச் சம்பளம் கொடுப்பதற்கு அரசே முன்மாதிரியும் காட்டியது. 2003க்குப் பின் நியமிக்கப்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தொகுப்பூதியம்: இடைநிலை ஆசிரியருக்கு 3,000, பட்டதாரிக்கு 4,000. 2006 ஜூனில் அது கைவிடப்பட்டது. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள், மாதம் 5,000. ஓசூரில் அசோக் லேலண்டும் டைட்டனும் வந்த காலத்திலேயே ஆசிரியர் வேலைக்கு ஆலை வேலை போட்டியாயிற்று. இன்று போச்சம்பள்ளியில் ஓலாவும் திம்ஜேப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸும் இளம் பெண்களைத் தேடியே ஆள் எடுக்கின்றன; கம்பெனி பஸ் கிராமத்துக்குள்ளேயே வருகிறது. ஆறு ஏழு ரூபாய்க்குத் தகுதியானவர் வரமாட்டார் என்ற பாராமகால் பாடம் இந்த மாவட்டத்தில் இவ்வளவு கூர்மையாக முன்பு இருந்ததில்லை.

இன்னொன்று, இந்த எல்லைக்கே உரியது. ஊத்தங்கரையில் பயிற்சி பெற்றவர் சூளகிரிக்கோ தளிக்கோ அஞ்செட்டிக்கோ போனால், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையாக இருக்கும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்பிப்புச் சட்டம் எல்லாப் பள்ளியிலும் தமிழைக் கட்டாயமாக்கியது. அது சரியான சட்டம். ஆனால் தமிழை முதன்முதலாகக் காதால் கேட்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யார் ஆசிரியருக்குக் கற்பித்தார்கள்? பி.எட். இரண்டாண்டில் இருபது வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. பெரும்பாலும் அது கல்லூரிக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே, லெசன் பிளானும் ரெக்கார்டு நோட்டுமாகக் கழிந்துவிடுகிறது. அதில் நான்கு வாரம் தளி ஒன்றியத்தில் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? அங்கே இருபது வருடம் வேலை பார்த்து, இரண்டு மொழியிலும் பிள்ளையோடு பேசத் தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவர் வழிகாட்டியாகக் கிடைப்பார். அவர் எங்கே இருக்கிறார் என்று கல்லூரிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கல்லூரி ஆண்டு மலர்களின் கடைசிப் பக்கங்களில் யார் ஓய்வு பெற்றார், எந்த அலுவலக உதவியாளர் முப்பது வருடம் முடித்தார், எந்த மாணவர் எந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார் என்ற விவரங்கள் பொடி எழுத்தில் இருக்கும். அவற்றை யாரும் வரலாறாக மதித்ததில்லை. ஆசிரியர்கள் நிலைத்து நிற்கும் கல்லூரியால் மட்டுமே அந்தப் பக்கங்களை எழுத முடியும் என்பதால் நாம் அவற்றை வரலாறாகவே மதிக்கிறோம். பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் இணைப்பைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆசிரியர் பெயர், சேர்ந்த ஆண்டு, முன்னாள் மாணவர் பணியாற்றும் பள்ளி ஆகியவற்றைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று கேட்கட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்வியியல் கல்லூரி வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

உடனடி வேலை ஒன்றும் காத்திருக்கிறது. ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமுள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவர்கள் மறுபடி புத்தகத்தைத் தூக்குகிறார்கள். மத்தூரிலும் சாமல்பட்டியிலும் வேலை பார்க்கும் அவர்கள் கோச்சிங் சென்டரில் பணம் கட்டி உட்கார வேண்டியதில்லை. பட்டம் கொடுத்த கல்லூரிகள் சனிக்கிழமை தோறும் வகுப்பறையைத் திறந்து, கட்டணம் வாங்காமல் அவர்களுக்கு உளவியலும் கணிதமும் நடத்தட்டும். அந்த வகுப்பில் இன்றைய பி.எட். மாணவிகளும் பின் பெஞ்சில் உட்காரலாம்.