பாட்டுக்கு முன் பிரேக்

ஊட்டியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் பிக்கப், ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே இறங்குகிறது. அத்தனை இறக்கத்தையும் கியரும் பிரேக்கும்தான் அடக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் குட்டி யானையோ பெரிய பிக்கப்போ, வாங்கிய கையோடு பலர் காசு போடுவது ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும். அடுத்து, சுமை தாங்கட்டும் என்று பின்பக்கம் கூடுதல் ஸ்பிரிங் பட்டை. பிரேக் பற்றிய நினைப்பு, அது பிடிக்காமல் போகும்போதுதான் வருகிறது. இந்த வரிசை ஆபத்தானது. முதலில் பிரேக், கூடவே ஷாக் அப்சார்பர், பாட்டு கடைசியில்தான்.

பட்டை கூட்டுவதில் ஒளிந்திருக்கும் கேட்டைப் பலர் அறிவதில்லை. பல பிக்கப்களில் பின் அச்சுக்கு அருகே சேசிஸில் ஒரு சிறிய வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காதபடி அழுத்தம் குறையும். பட்டை கூட்டிவிட்டு இந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், மூட்டை ஏற்றினாலும் வண்டி முன்போல் தாழாது. வால்வும் சுமை குறைவு என்றே வேலை செய்யும். பின் பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதன் பலம் குறைந்து நிற்கும். பட்டை கூடியதால் ஆர்.சி.யில் உள்ள எடை வரம்பும் கூடிவிடாது. தேய்ந்த ஷாக் இன்னொரு கேடு: துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழும்பும் கணத்தில் எவ்வளவு நல்ல பிரேக்காலும் பயனில்லை.

வீட்டிலேயே செய்தால் கூலி மிச்சம் என்பார்கள். ஷாக் மாற்ற அது பொருந்தும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல் ஸ்டாண்டு வைத்து, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றலாம். பிரேக் லைனைத் திறப்பது அப்படியல்ல. உள்ளே காற்று நின்றுவிட்டால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தத் தரம் கேட்கும் வரம்பே 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரைவரை போய்விடும். பல மாதம் திறந்து கிடந்த பாட்டில் ஆயிலை ஊற்றி மிச்சம் பிடிக்கவே கூடாது.

எஃப்.சி.யில்தான் பிரேக்கைப் பார்க்கிறார்களே என்ற வாதமும் உண்டு. எட்டு ஆண்டுக்குட்பட்ட சரக்கு வண்டிக்கு அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். நடுவில் பேட் தேயாமல் காத்திருக்காது. நாளெல்லாம் கேபினில் உட்காரும் டிரைவருக்குப் பாட்டு ஆடம்பரமல்ல என்பதை மறுக்கவில்லை. ஆனால் பேட் தேய்ந்ததும் கீச்சிட்டு எச்சரிக்கப் பல வண்டிகளில் சிறு தகடு வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் காதில் விழும் அளவுக்காவது ஒலி அடங்கி இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர் ஒயருக்கு பேட்டரி அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். இல்லாவிட்டால் ஒயர் சேசிஸில் உரசித் தீப்பிடிக்கலாம். தயாரிப்பு நிறுவனங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது: அந்த வால்வுக் கம்பியைச் சரிசெய்யும் அளவைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டித் தரட்டும்.