கடன் கிடைக்கும், வீடு மூன்று ஆண்டு தாங்குமா?

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 38. எஸ்பிஎம் முடித்த கையோடு திருமணம், இரண்டு பிள்ளைகள், சாலையோரப் பீங்கான் கடையில் வேலை. மாமியார் படுக்கையில் விழுந்து, அவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட நாள்களில்தான், பள்ளிக் காலத்துத் தாதி ஆசை மீண்டும் எழுந்ததாம். "இந்த வயதில் எனக்குக் கல்விக் கடன் கொடுப்பார்களா? அடைத்து முடிப்பதற்குள் கிழவியாகிவிட மாட்டேனா?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில், கொடுப்பார்கள். தேசிய உயர்கல்விக் கடனுதவி நிதிக் கழகமான பிடிபிடிஎன், விண்ணப்பிக்கும் நாளில் 45 வயதைத் தாண்டாதவர்களுக்குக் கடன் தருகிறது. 38 வயது என்றால் இன்னும் ஏழு ஆண்டுகள் கையில் இருக்கின்றன. ஆனால், "பெரியவன் ஐந்தாம் படிவம் முடிக்கட்டும், சின்னவள் இடைநிலைப் பள்ளிக்குப் போகட்டும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் அந்தக் கதவு ஒரு பிறந்தநாளோடு மூடிவிடும்.

இரண்டாவது கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிடிபிடிஎன் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். அதை 'உஜ்ரா' என்பார்கள். பேச்சுக்கு 30,000 வெள்ளி கடன் வாங்கிப் பத்தாண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 வெள்ளி வீதம் பத்தாண்டுக்கு 3,000 வெள்ளி சேர்த்தாலும் மொத்தம் 33,000 வெள்ளி. மாதத் தவணை 275 வெள்ளி. 39 வயதில் சேர்ந்து 42 வயதில் படிப்பை முடித்தால், 52 அல்லது 53 வயதில் கடன் தீர்ந்துவிடும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. கடன் போக ஏழெட்டு ஆண்டுகள் முழுச் சம்பளமும் வீட்டுக்கு வரும். ஆகவே, வயதைக் காரணம் காட்டி இந்தக் கடனுக்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. தாதிமை டிப்ளோமா மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பு. அந்த 36 மாதமும் சம்பளம் வராது. இன்றைய குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. அதை 36ஆல் பெருக்கினால் 61,200 வெள்ளி. நாம் பேச்சுக்கு எடுத்துக்கொண்ட கடனைப்போல இது இரண்டு மடங்குக்கும் மேல். இந்தத் தொகையை எந்தக் கடனும் ஈடுகட்டாது. கடன் பணம் முதலில் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகும். தனியார் கல்லூரி என்றால் பல வேளைகளில் அதற்கே போதாமல், மிச்சத்தை நாம் கைக்காசில் கட்ட வேண்டியிருக்கும். வீட்டு வாடகை, வண்டித் தவணை, பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணம் எல்லாம் கணவரின் ஒரே சம்பளத்தில் ஓட வேண்டும். பாதியில் படிப்பை விட்டு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாடம் புரியாமல் விட்டவர்களைவிட வீட்டுச் செலவு தாங்காமல் விட்டவர்களின் கதைதான் அதிகம் காதில் விழும். படிப்பு பாதியில் நின்றாலும் அதுவரை வாங்கிய கடன் நிற்காது. அதை அடைத்தே ஆக வேண்டும்.

எனவே படிவத்தைத் தொடுவதற்கு முன் வீட்டில் ஓர் ஒத்திகை பாருங்கள். மூன்று மாதம் உங்கள் சம்பளத்தில் ஒரு காசும் எடுக்காமல் தனிக் கணக்கில் போட்டுவிட்டுக் குடும்பத்தை நடத்திப் பாருங்கள். முடிந்தால் நம்பிக்கை பிறக்கும், கையில் ஐந்தாயிரம் வெள்ளிபோலச் சேமிப்பும் நிற்கும். முடியாவிட்டால் எங்கே இடிக்கிறது என்பது கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அடுத்தது கல்லூரி. கடன் கிடைக்கிறது என்பதாலேயே அந்தப் படிப்பு நல்லது என்று ஆகிவிடாது. 2010ஆம் ஆண்டுவாக்கில் நம் நாட்டில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். தனியார் தாதிமைக் கல்லூரிகள் பெருகின, பிடிபிடிஎன் கடனும் கிடைத்தது. படித்து வெளிவந்த பலருக்கு வேலைதான் கிடைக்கவில்லை. கடன் மட்டும் தோளில் ஏறியது. இன்று நிலைமை தலைகீழ். மருத்துவமனைகள் தாதியர் பற்றாக்குறையைப் பேசுகின்றன, அனுபவமுள்ள தாதியர் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். இருந்தாலும் அன்றைய பாடத்தை மறக்கக் கூடாது.

கல்லூரியில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் உண்டா? முடித்தபின் மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவுத் தேர்வு எழுத முடியுமா? வாரியத் தேர்வில் தேறிப் பதிவு பெற்றால்தான் நீங்கள் தாதி. ஆறு மாத, ஒரு வருடப் பராமரிப்பாளர் பயிற்சிகளையும் 'நர்சிங்' என்ற பெயரில் விற்கிறார்கள். அந்த வேலையும் மரியாதையான வேலைதான். ஆனால் அந்தச் சான்றிதழைக் கொண்டு தாதியாகப் பதிவு பெற முடியாது.

உங்கள் எஸ்பிஎம் சான்றிதழையும் தேடி எடுங்கள். மலாய்மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் உட்பட ஐந்து பாடங்களில் கிரெடிட், ஆங்கிலத்தில் தேர்ச்சி என்பதுதான் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் தகுதி. இந்த விதி காலத்துக்குக் காலம் இறுகியும் தளர்ந்தும் வந்திருப்பதால், சேரும் ஆண்டின் விதியை வாரியத்திடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒரு பாடம் குறைந்தால் மனம் உடைய வேண்டாம். தனியார் வேட்பாளராக அந்தப் பாடத்தை மட்டும் மீண்டும் எழுதலாம். வேலை அனுபவத்தை வைத்துச் சேர்க்கும் 'ஏபெல்' வழி வேறு பல படிப்புகளுக்கு உதவும். தாதிமைக்கும் அது செல்லும் என்று யாராவது சொன்னால், வாரியத்தின் ஒப்புதலை எழுத்தில் கேளுங்கள்.

குறையும் பணத்துக்கு வேறு வழிகளும் உண்டு. இபிஎஃப் சேமிப்பில் கல்விக்காகப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, இது 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வரும். டிப்ளோமாவும் அதற்கு மேற்பட்ட படிப்பும் என்றால்தான் எடுக்க முடியும். மனைவியின் படிப்புக்குக் கணவரும் எடுக்கலாம். ஆனால் அது முதுமைக்கு வைத்த பணம், கடைசியாகத் தொடுங்கள். 1984இல் தொடங்கப்பட்ட எம்ஐஇடி நம் சமுதாய மாணவர்களுக்குக் கல்விக் கடன் தருகிறது. சில தனியார் மருத்துவமனைக் குழுமங்கள் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு, முடித்தபின் சில ஆண்டுகள் தங்களிடமே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போடும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில், எத்தனை ஆண்டு, எந்த ஊர், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்று வரிகளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிரெடிட் கார்டும் ஆலோங்கும் பக்கத்திலேயே வரக் கூடாது.

ஆயர் ஈத்தாமில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பக்கம் குளுவாங் மருத்துவமனை, மறுபக்கம் பத்து பகாட் மருத்துவமனை, இரண்டையும் இணைக்கும் சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. அதனால் பயிற்சியும் பக்கத்திலேயே கிடைத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். பயிற்சிக்கு எந்த மருத்துவமனை என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும். காலை, மாலை, இரவு என முறைவேலையும் வரும். இரவு வேலை முடிந்து பேருந்தை நம்பி நிற்க முடியாது. மோட்டார் சைக்கிளோ காரோ, அதன் எண்ணெய்ச் செலவோடு, அல்லது விடுதி வாடகையோடு சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். இரவில் பிள்ளைகளோடும் மாமியாரோடும் யார் இருப்பது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள்.

இந்தப் படிப்பில் கையெழுத்து உங்களுடையது, ஆனால் கடனைச் சுமக்கப்போவது முழுக் குடும்பமும். கணவர், பிள்ளைகள், உதவிக்கு வரக்கூடிய தங்கை, அண்ணி என எல்லாரையும் உட்கார வைத்து, 36 மாதத்துக்கு யார் என்ன செய்வார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் நிரம்பினால் மறுநாளே விண்ணப்பியுங்கள். நிரம்பவில்லையென்றால் ஓராண்டு சேமித்துவிட்டு, 39 வயதில் விண்ணப்பியுங்கள். 45க்கு அப்போதும் ஆறு ஆண்டுகள் இருக்கும்.